ஒரே விண்டோஸ்... 40 கம்ப்யூட்டர்! பள்ளி லேப்களில் 'இமேஜ்' போடுவது எப்படி? அப்படியே காப்பி அடித்தால் என்ன சிக்கல்?

பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் 40 சிஸ்டம் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் விண்டோஸ் போடணும், டிரைவர் போடணும், தமிழ் கீபோர்டு, பைத்தான், லிப்ரே ஆபீஸ், ஆன்டிவைரஸ் என்று எல்லாம் ஏற்றணும், அப்டேட்டும் முடிக்கணும். ஒரு சிஸ்டத்துக்கு 2 மணி நேரம் என்றாலே மொத்தம் 80 மணி நேரம். ஒரே ஆள் உட்கார்ந்தால் 10 வேலை நாள் காலி.

அதனால் பெரிய லேப்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரு சிஸ்டத்தை மட்டும் முழுசாகத் தயார் செய்து, அதை அப்படியே மற்ற 39 சிஸ்டத்துக்கும் நகல் எடுத்துவிடுவார்கள். இதற்குப் பெயர்தான் 'இமேஜிங்'.

பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த இந்த வேலையில் 2025-ல் ஒரு புதுச் சிக்கல் வந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட்களைப் போட்ட பிறகு, சரியாகத் தயார் செய்யாமல் காப்பி அடிக்கப்பட்ட விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் ஒன்றை ஒன்று நம்ப மறுத்தன. பாஸ்வேர்டு சரியாக இருக்கும், ஆனால் ஷேர் ஃபோல்டர் திறக்காது. ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் 'பாஸ்வேர்டு தப்பு' என்று திரும்பத் திரும்பக் கேட்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. காப்பி அடித்த விதம்தான் கோளாறு.

அது என்ன விதம்? ஒழுங்காகச் செய்வது எப்படி? பார்க்கலாம்.

இமேஜ் என்றால் என்ன?

போட்டோ இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இருக்கிற எல்லாவற்றையும், அதாவது பார்ட்டிஷன், பூட் ஆகத் தேவையான பகுதி, விண்டோஸ், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் என்று மொத்தத்தையும் மூட்டை கட்டி வைப்பதுதான் இமேஜ்.

'அப்போ நெட்டில் டவுன்லோடு பண்ணுற ஐஎஸ்ஓ ஃபைலும் இதுவும் ஒண்ணுதானே?' என்று கேட்கலாம். இல்லை. ஐஎஸ்ஓ என்பது அரிசி, பருப்பு, காய்கறி வாங்கி வைத்த மாதிரி. இனிமேல்தான் சமைக்கணும். இமேஜ் என்பது சமைத்து முடித்த சாப்பாடு. பந்தியில் பரிமாறினால் போதும்.

500 ஜிபி டிஸ்க் என்றால் இமேஜும் 500 ஜிபி இருக்குமா என்றால், இருக்காது. இப்போதுள்ள கருவிகள் டேட்டா இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துச் சுருக்கிவிடும். சாதாரண பள்ளி லேப் இமேஜ் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

தமிழில் இதற்குப் 'படிமம்' என்று எழுதுகிறார்கள். கடையில் போய் 'படிமம் போடணும்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது! என்னைக் கேட்டால், ஒரே அச்சிலிருந்து பல உருவம் எடுப்பதால் 'வார்ப்பு' என்ற சொல் இன்னும் பொருத்தம். ஆனால் ஹார்டுவேர் கடைகளில் புழங்குகிற சொல் வேறு. 'கோஸ்ட் போடுறது' என்பார்கள். 1990-களின் நடுவில் நியூசிலாந்தில் எழுதப்பட்ட 'கோஸ்ட்' என்ற நகலெடுக்கும் மென்பொருளிலிருந்து வந்த பெயர் அது. 1998-ல் அதை சைமன்டெக் நிறுவனம் வாங்கி 'நார்ட்டன் கோஸ்ட்' ஆக்கியது. மென்பொருள் வழக்கொழிந்தாலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

காப்பி அடித்தால் என்ன தப்பு?

ஒவ்வொரு விண்டோஸும் முதன்முதலில் இன்ஸ்டால் ஆகும்போது தனக்கென்று ஒரு நீளமான எண்ணை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு 'எஸ்ஐடி' என்று பெயர். நமக்கு ஆதார் எண் மாதிரி. ஒரு கம்ப்யூட்டரை அப்படியே 39 சிஸ்டத்துக்கு நகல் எடுத்தால், 40 கம்ப்யூட்டருக்கும் ஒரே எண் ஆகிவிடும். கம்ப்யூட்டர் பெயரை 'லேப்-01', 'லேப்-02' என்று மாற்றலாம், ஐபி முகவரியை மாற்றலாம். உள்ளே இருக்கும் இந்த எண் மாறாது.

இது பெரிய விஷயமே இல்லை என்றுதான் பல டெக்னீஷியன்கள் நினைத்திருந்தார்கள். அதற்குக் காரணமும் உண்டு. காப்பி அடித்த கம்ப்யூட்டரில் எஸ்ஐடி எண்ணை மாற்றித் தருவதற்கென்றே 'நியூசிட்' என்று ஒரு கருவி இருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ரஸ்ஸினோவிச் பிறகு மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். 2009-ல் அவரே அந்தக் கருவியை நிறுத்திவிட்டு, 'எஸ்ஐடி ஒன்றாக இருப்பதால் பிரச்சினை வருவதாகத் தெரியவில்லை' என்ற அர்த்தத்தில் விளக்கமும் எழுதினார். ஆனாலும் காப்பி எடுப்பதற்கு முன் 'சிஸ்பிரெப்' ஓட்டணும் என்பதுதான் மைக்ரோசாஃப்டின் அதிகாரப்பூர்வ விதி என்பதையும் அதே இடத்தில் சொல்லியிருந்தார். பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

16 வருஷம் கழித்து அந்த இரண்டாவது பாதிக்கு வேலை வந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்த அப்டேட்களில், ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றில் நுழையும்போது எஸ்ஐடி எண்ணையும் சரிபார்க்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 11-ன் 24எச்2, 25எச்2 பதிப்புகளுக்கும் விண்டோஸ் சர்வர் 2025-க்கும் இது பொருந்தும். எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அனுமதி கிடையாது.

ஆசிரியர் கம்ப்யூட்டரில் ஒரு ஷேர் ஃபோல்டர், மாணவர்கள் அதில் போய்ப் பாடத்தைத் திறக்கணும், ரெக்கார்டை அதில் சேமிக்கணும். பல லேப்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஆசிரியர் சிஸ்டமும் அதே காப்பியிலிருந்து வந்ததுதான் என்றால், பிராக்டிகல் தேர்வு அன்று காலையில் அப்டேட் ஏறியதும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு எண்ணும் இருக்கு!

எஸ்ஐடி பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அதிகம் பேசப்படாத இன்னொன்று, விண்டோஸ் ஆக்டிவேஷனுக்கான 'சிஎம்ஐடி' எண். பெரிய நிறுவனங்களும் கல்வித் துறைகளும் 'கேஎம்எஸ்' என்ற சர்வரை வைத்து மொத்தமாக ஆக்டிவேட் செய்வது வழக்கம். அந்த சர்வர் குறைந்தது 25 வெவ்வேறு கம்ப்யூட்டர்கள் வந்து கேட்ட பிறகுதான் ஆக்டிவேஷன் கொடுக்கத் தொடங்கும். 40 கம்ப்யூட்டருக்கும் ஒரே சிஎம்ஐடி என்றால், 40 பேர் வந்து கேட்டாலும் சர்வரின் கணக்கில் ஒரே ஆள்தான். எண்ணிக்கை ஏறவே ஏறாது. 'லைசென்ஸ் வாங்கியும் ஆக்டிவேட் ஆகலையே' என்று நாள் கணக்கில் தேடுவதற்கு இது ஒரு காரணம். உங்கள் லேபில் மொத்தமே 20 சிஸ்டம்தான், அதற்கு மட்டும் தனி கேஎம்எஸ் சர்வர் என்றால், எல்லாம் சரியாகச் செய்தாலும் அது வேலைக்கு ஆகாது. வேறு வகை கீ வாங்கணும்.

விண்டோஸ் புரோகிராம்களை மையமாக அப்டேட் செய்யும் சர்வர்கள், ஆன்டிவைரஸ் கன்சோல்கள் சிலவற்றிலும் இதே கூத்துதான். 40 சிஸ்டம் இருக்கும், திரையில் ஒன்றுதான் தெரியும்.

அப்போ சரியான வழி என்ன?

முதலில் ஒரு மாதிரி சிஸ்டத்தைத் தயார் செய்யணும். இதை நிஜ கம்ப்யூட்டரில் செய்வதைவிட விர்ச்சுவல் மெஷினில் செய்வது நல்லது. அந்த ஒரு மாடலுக்கான டிரைவர்கள் ஒட்டிக்கொண்டு வராது. எங்காவது சொதப்பினால் முந்தைய நிலைக்கு ஒரே கிளிக்கில் திரும்பலாம்.

விண்டோஸ் இன்ஸ்டால் ஆகி 'எந்த நாடு?' என்று கேட்கும் திரை வரும் இல்லையா? அங்கே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'ஆடிட் மோடு' என்ற தயாரிப்பு நிலைக்குப் போகும். யாருடைய பெயரிலும் அக்கவுண்ட் தொடங்காமலே சாஃப்ட்வேர்களைப் போட்டு முடிக்கலாம்.

இங்கேதான் கவனம் தேவை. இமேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய சிஸ்டத்திலிருந்து இமேஜ் எடுத்தால், பிரவுசரில் லாகின் செய்து வைத்த ஆசிரியரின் ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், வைஃபை பாஸ்வேர்டு, டெஸ்க்டாப்பில் கிடக்கும் மதிப்பெண் பட்டியல் எல்லாம் 40 மாணவர்களின் திரைக்கும் போய்ச் சேரும். டிஸ்க்கை சுருக்காமல் முழுசாகப் பிரதி எடுக்கும் முறையில், டெலீட் செய்த ஃபைலைக்கூட மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு. அதனால் புதிதாக இன்ஸ்டால் செய்த சிஸ்டத்திலிருந்து மட்டும்தான் இமேஜ் எடுக்கணும். 'இருக்கிறதிலேயே நல்லா ஓடுற சிஸ்டத்தை எடுத்துக்கலாம்' என்பது தப்பான யோசனை.

எல்லாம் முடிந்ததும் சிஸ்பிரெப். விண்டோஸிலேயே இருக்கும் கருவிதான், சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதைத் திறந்து 'ஜெனரலைஸ்' என்ற பெட்டியில் டிக் அடித்து, முடிந்ததும் 'ஷட் டவுன்' ஆகும்படி கொடுக்கணும். எஸ்ஐடி, சிஎம்ஐடி, கம்ப்யூட்டர் பெயர், ஈவன்ட் பதிவுகள் எல்லாம் துடைக்கப்படும். நகல் போன ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முதல்முறை ஆன் ஆகும்போது தனக்கான புது எண்ணை உருவாக்கிக்கொள்ளும். அந்த டிக்கை மறந்தால் செய்த வேலை மொத்தமும் வீண்.

சிஸ்பிரெப் பாதியில் நின்றுபோவது ரொம்ப சகஜம். அடிக்கடி வரும் காரணங்கள் இரண்டு. ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப் ஏதாவது ஒரு யூசருக்கு மட்டும் தானாக இன்ஸ்டால் அல்லது அப்டேட் ஆகியிருப்பது. இதனால்தான் அனுபவசாலிகள் தயாரிப்பின்போது இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். இன்னொன்று, பிட்லாக்கர். விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் நாம் கேட்காமலே ஆன் ஆகிவிடும் வாய்ப்பு அதிகம். அதை ஆஃப் செய்து, டிஸ்க் முழுசாகத் திறக்கும்வரை காத்திருக்கணும். எங்கே இடித்தது என்று பார்க்க, சிஸ்பிரெப் ஃபோல்டருக்குள் 'பேந்தர்' என்ற ஃபோல்டரில் பதிவு ஃபைல் இருக்கும். அதைத் திறக்காமல் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

ஷட் டவுன் ஆன மாதிரி சிஸ்டத்தை டிஸ்க்கிலிருந்து ஆன் செய்யவே கூடாது! ஆன் செய்தால் புது எண் உருவாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. பென் டிரைவ் அல்லது நெட்வொர்க் வழியாக குளோனிசில்லா மாதிரி ஒரு கருவியில் பூட் செய்து இமேஜை எடுக்கணும்.

40 சிஸ்டத்துக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும்?

பென் டிரைவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிஸ்டமாகப் போகலாம். 10 சிஸ்டம் வரை அதுவே போதும், சர்வர் எல்லாம் வைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் நெட்வொர்க் வழிதான் லாபம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எஃப்12 மாதிரி ஒரு கீயை அழுத்தினால் 'நெட்வொர்க் பூட்' என்று வரும். இதற்குப் பெயர் 'பிஎக்ஸ்இ'. டிஸ்க்கில் எதுவுமே இல்லாவிட்டாலும், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் 'எனக்கு ஐபி யார் கொடுப்பீங்க? பூட் ஆக ஃபைல் யார் கொடுப்பீங்க?' என்று கேட்கும். சர்வர் பதில் சொல்லி ஒரு குட்டி லினக்ஸை அனுப்பும். அந்த லினக்ஸ்தான் இமேஜை வாங்கி டிஸ்க்கில் எழுதும். குளோனிசில்லா, ஃபாக் இரண்டும் இப்படி வேலை செய்யும் இலவச மென்பொருள்கள். மைக்ரோசாஃப்டின் சர்வரில் டபிள்யூடிஎஸ் என்று ஒன்று இருந்தது. அதில் இன்ஸ்டால் டிஸ்க்கின் பூட் ஃபைலை நேரடியாகப் போட்டு ஓட்டும் பழைய வழி விண்டோஸ் 11-க்கு மூடப்பட்டுவிட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து அதைத் தொடங்காதீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இமேஜ் 30 ஜிபி. ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். ஒரு கம்ப்யூட்டருக்கு 5 நிமிஷத்துக்குள் அனுப்பிவிடலாம். ஆனால் 40 கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக அனுப்பினால் மொத்தம் 1,200 ஜிபி, சுமார் 3 மணி நேரம். லேபில் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருந்தால் அதுவே 30 மணி நேரம்!

இதற்குத்தான் 'மல்டிகாஸ்ட்'. வகுப்பில் ஆசிரியர் 40 பேருக்கும் தனித்தனியாகப் பாடம் எடுப்பதில்லையே, ஒருமுறை சொன்னால் எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். அதே மாதிரி சர்வர் ஒரே முறை அனுப்பும், 40 கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும். குளோனிசில்லாவை உருவாக்கிய தைவானின் என்சிஎச்சி மையம் தரும் கணக்கின்படி, 5.6 ஜிபி இமேஜ் 41 கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நேரத்தில் சுமார் 10 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் வகுப்பில் நடப்பது இங்கேயும் நடக்கும். ஒருவர் மெதுவாக எழுதினால் எல்லோரும் காத்திருக்கணும். ஒரு சிஸ்டத்தில் கேபிள் லூஸ் அல்லது டிஸ்க் சாகும் நிலை என்றால், மொத்த லேபும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். வேகம் திடீரென்று படுத்தால் சர்வரைச் சந்தேகப்படுவதற்கு முன், எந்த சிஸ்டம் தனித்து நிற்கிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். வைஃபையில் இதை முயற்சி செய்யவே வேண்டாம்.

தப்பாகப் போனால்?

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் 2014 மே மாதம் நடந்ததை ஐடி துறையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். விண்டோஸ் 7 இமேஜ் போடும் கட்டளை தவறுதலாக அங்கிருந்த எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் போய்விட்டது. லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் என்று எதுவும் மிச்சமில்லை. அந்தக் கட்டளையின் முதல் வேலையே டிஸ்க்கை அழித்து ஃபார்மேட் செய்வதுதான். தவறைக் கண்டுபிடித்து நிறுத்தப் போனபோது, கட்டளை அனுப்பிய சர்வரே தன்னைத்தானே ஃபார்மேட் செய்துகொண்டிருந்தது!

நம்ம பள்ளிக்கூடத்தில் அளவு சின்னது. ஆபத்து அதே வகைதான். லேபும் அலுவலகமும் ஒரே நெட்வொர்க்கில் இருந்து, அலுவலக கம்ப்யூட்டரில் நெட்வொர்க் பூட் முதலிடத்தில் இருந்தால், காலையில் ஆன் செய்ததும் அதுவும் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். கட்டண விவரம், மதிப்பெண், டிசி பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். இமேஜ் போடும் நாளில் லேப் ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. செலவே இல்லாத பாதுகாப்பு. இமேஜிங் சர்வர் ஐபி கொடுக்க ஆரம்பித்து மற்ற வகுப்பறைகளின் இன்டர்நெட் குழம்புவதும் இதனால் தவிர்க்கப்படும்.

ஏற்கெனவே காப்பி போட்டாச்சு... இப்போ என்ன செய்வது?

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் 'பிஎஸ்கெட்சிட்' என்ற இலவசக் கருவி ஒரு கம்ப்யூட்டரின் எஸ்ஐடி எண்ணைக் காட்டும். இரண்டு சிஸ்டத்தில் ஓட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஈவன்ட் வியூவரில் 6167 என்ற எண்ணில் பிழை பதிவாகியிருந்தாலும் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்டேட்டை நீக்கினால் வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளும் திரும்பி வரும். மைக்ரோசாஃப்ட் ஒரு தற்காலிக ஏற்பாடும் வைத்திருக்கிறது, அதை அவர்களின் வணிக சப்போர்ட் பிரிவிடம் கேட்டுத்தான் வாங்கணும். நிரந்தரத் தீர்வு என்று அவர்கள் சொல்வது, சிஸ்பிரெப் செய்த இமேஜை மறுபடி போடுவதைத்தான். பள்ளி லேபில் மாணவர் ஃபைல்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு மறுபடி போடுவதே சுலபம். 'டீப் ஃப்ரீஸ்' மாதிரி, ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் இருந்தால், அதை முதலில் நிறுத்தணும்.

லைசென்ஸ் விஷயத்தையும் ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸை இமேஜ் எடுத்து மற்றவற்றில் போட அந்த லைசென்ஸ் அனுமதிப்பதில்லை. அதற்கு வால்யூம் லைசென்ஸும் அதற்கான இன்ஸ்டால் ஃபைலும் வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர்கள் என்னாகும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும் என்பதால் பழைய லேப்கள் பலவற்றில் அது ஏறாது. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்கள் சலுகை விலையில் கிடைக்கின்றன. ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருஷம் 1 டாலர், அடுத்து 2, மூன்றாவது வருஷம் 4 டாலர். அதற்கு மேல் கிடையாது.

பக்கத்து மாநிலமான கேரளா வேறு பாதையில் போனது. அங்கே அரசின் 'கைட்' நிறுவனம் உபுண்டு லினக்ஸை எடுத்து, பாடத்திட்டத்துக்குத் தேவையான மென்பொருள்களை எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. 2019-ல் வந்த பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கானது, இதனால் லைசென்ஸ் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் அப்போது சொன்னது. லினக்ஸில் ஆக்டிவேஷன் தொல்லை இல்லை. டிரைவர்களில் பெரும்பாலானவை உள்ளேயே இருப்பதால் வெவ்வேறு மாடல் கம்ப்யூட்டர்களிலும் ஒரே இமேஜ் ஓடிவிடும்.

ஆனால் காப்பி பிரச்சினை அங்கேயும் உண்டு! லினக்ஸில் 'மெஷின் ஐடி' என்ற ஃபைலில் இதே மாதிரி ஓர் எண் இருக்கும். அதைக் காலி செய்யாமல் நகல் எடுத்தால், உபுண்டு சர்வர் மாதிரியான பதிப்புகளில் இரண்டு சிஸ்டத்துக்கு ஒரே ஐபி கிடைத்து, மாறி மாறி நெட் கட் ஆகும். இமேஜ் எடுப்பதற்கு முன் அந்த ஃபைலைக் காலியாக்கிவிட்டு, எஸ்எஸ்எச் கீகளையும் நீக்கிவிட்டால் போதும். அடுத்த முறை பூட் ஆகும்போது மெஷின் ஐடி தானாக உருவாகும். எஸ்எஸ்எச் கீகளை மட்டும் சில பதிப்புகளில் நாமே ஒரு கட்டளை கொடுத்து உருவாக்கணும்.

விண்டோஸோ லினக்ஸோ, 40 சிஸ்டத்துக்கும் அனுப்புவதற்கு முன் 2 சிஸ்டத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஒன்று போதாது, எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட இரண்டு வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றின் ஷேர் ஃபோல்டரைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, தமிழில் டைப் செய்து, அப்டேட் ஓட்டி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடியும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திறந்தால் மீதி 38-க்கும் அனுப்பலாம்.